மாவு சிந்தும் கை

சீரியல் ஓடும்போது பார்வதியம்மாள் கண்ணயர்ந்துவிடுவாள். விளம்பரம் வந்ததும் விழித்துக்கொள்வாள். ஊரில் எல்லோரும் விளம்பரம் வந்தால்தான் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். அவளுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். ஒரு புருஷன் வாஷிங் மெஷின் முன்னால் நின்றுகொண்டு எந்த பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பான். இன்னொருவன் சாக்ஸைத் தேடி வீட்டையே புரட்டிப் போடுவான். அது அவன் தோளிலேயே தொங்கும். வேறொருவன் குழந்தைக்குப் பால் கலக்கப் போய்ச் சட்டையெல்லாம் கொட்டிக்கொள்வான். உடனே ஒரு மனைவி வருவாள். கசங்காத சேலை, கலையாத தலைமுடி. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள், ஒரே நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவாள். அதைப் பார்த்துப் பார்வதியம்மாளும் சிரிப்பாள். வாயின் இடது பக்கம் மட்டும் சிரிக்கும், வலது பக்கம் சும்மா இருக்கும். அந்தப் பாதிச் சிரிப்புக்காகவே அவள் புருஷன் வெயிலுமுத்து டிவியை அணைப்பதில்லை.

அவருக்கு என்னவோ அந்த விளம்பரங்களைக் கண்டாலே எரிச்சல்தான். விளம்பரம் எடுக்கிறவர்களின் ஊரில் ஆண்பிள்ளைகளுக்குச் சட்டையில் கறை பண்ணத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது போலிருக்கிறது. அந்த ஊர் எங்கே இருக்கிறதோ, நிச்சயமாகத் தாராவியில் இல்லை. தாராவியில் அவர் இருந்த சந்தில் பாதி வீடு இட்லி வீடு. விடிவதற்கு முன்னால் ஆணும் பெண்ணுமாக எழுந்து, ஒருவர் கொப்பரைக்கு நெருப்பு வைத்தால் இன்னொருவர் தேங்காய் உடைப்பார்கள். முப்பது வருஷமாக வெயிலுமுத்து வீட்டிலும் அப்படித்தான். அரிசி களைவதும் ஆட்டுவதும் அவர் வேலை, தட்டில் மாவு ஊற்றுவது பார்வதியம்மாள் வேலை. அவள் ஊற்றினால் குழிக்கு வெளியே ஒரு சொட்டு விழாது. பார்க்காமலேயே ஊற்றுவாள், பேசிக்கொண்டே ஊற்றுவாள், சண்டை போட்டுக்கொண்டும் ஊற்றியிருக்கிறாள். பிறகு அவர் அண்டாவை சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் கிளம்பிப் போவார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் இட்லியும்தான் குடும்பம்.

போன வருஷம் பங்குனியில் ஒரு காலை, ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் இருபது நாள். உயிர் வந்தது, பேச்சு வரவில்லை. வலது காலும் வலது கையும் போய்விட்டன. காது கேட்கும், எல்லாம் புரியும். ஆமாம் என்றால் தலையை ஆட்டுவாள், வேண்டாம் என்றால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அவ்வளவுதான் அவளுக்கு மிஞ்சிய பாஷை.

அன்றிலிருந்து வெயிலுமுத்து சாயங்கால வியாபாரத்தை நிறுத்திவிட்டார். காலையில் மட்டும் போவார். அந்த நாலு மணி நேரம் பக்கத்து வீட்டு மெஹராஜ் ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருப்பாள். மற்றதெல்லாம் அவர்தான். வீட்டு மூலையில் தண்ணீர் புழங்குகிற மோரியில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துக் குளிப்பாட்டுவார், தலை பின்னிவிடுவார், சோற்றைக் குழையப் பிசைந்து இடது கடைவாயில் ஊட்டுவார். முதலில் பின்னல் கோணிக்கொண்டு போயிற்று. மெஹராஜ் ஒரு நாள் சொல்லிக்கொடுத்தாள், அப்புறம் நேராகிவிட்டது. வீட்டுக்குள் கக்கூஸ் கிடையாது, சந்துக் கடைசியில் பொதுக் கக்கூஸ்தான். பெண்கள் பக்கம் அவர் நுழைய முடியாது. ஆகையால் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டு, அடியில் வாளி வைத்து, மூடி போட்டு, அதை ஆண்கள் பக்கம் தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வருவார். முதல் வாரம் சந்தே பார்த்தது. பிறகு அதுவும் அலுத்துப்போய் அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மத்தியானம் ஒரு உருண்டை அரிசி மாவைப் பிசைந்து அவளுடைய வலது உள்ளங்கையில் வைத்து, "ம், அமுக்கு" என்பார். டாக்டர் ரப்பர் பந்துதான் சொன்னார். பந்தைக் கண்டால் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாவென்றதும் தலையை ஆட்டினாள். ஆவணியில் கட்டைவிரல் மடங்கியது. புரட்டாசியில் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் அசைந்தது. அன்றைக்கு வெயிலுமுத்து சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதையெல்லாம் பார்க்காமல் தாணேயிலிருந்து ஒருவன் வந்து போய்க்கொண்டிருந்தான். பார்வதியம்மாளின் தம்பி, கணேசபாண்டியன். சொந்தமாக வெல்டிங் பட்டறை, மூன்று அறை வீடு, இரண்டு மருமகள்கள். கெட்டவன் இல்லை. அக்கா மேல் உயிரையே வைத்திருந்தான், அதுதான் தொந்தரவு.

"அத்தான், கோவிச்சுக்காதிய" என்று ஆரம்பிப்பான். "நீங்க நல்லாப் பாக்கலைன்னு நான் சொல்லல. ஆனா பொம்பளைக்குப் பொம்பளைதான் செய்யணும். ஆம்பளை எத்தன நாளைக்கு இதச் செய்ய முடியும்? அங்க மாரி இருக்கா, மருமவளுவ இருக்காளுவ, அட்டாச்டு பாத்ரூம் இருக்கு. இங்க நீங்க அந்த வாளியத் தூக்கிட்டுச் சந்து வழியாப் போறிய. அக்காவுக்கு அது எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்னு அவளக் கேளு மாப்ளே. அவ வாரேன்னு சொன்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ கூட்டிட்டுப் போ."

சித்திரையில் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டாள். ஆடியில் கேட்டான். மறுபடியும் மூடிக்கொண்டாள், வெயிலுமுத்து மீசைக்குள் சிரித்துக்கொண்டார். "சரி, தீபாவளிக்கு வாரேன். அப்பவும் அக்கா மாட்டேன்னா, நான் இனிமே இதப் பத்தி வாயே தெறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். தீபாவளிக்குள் அந்தக் கை கரண்டியைப் பிடித்துவிட வேண்டும் என்று வெயிலுமுத்து மனதுக்குள் கெடு வைத்துக்கொண்டார். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் எவனும் வாயைத் திறக்க முடியாது.

இந்த நேரத்தில்தான் சாய்நாத் வந்தான். ஷூட்டிங்குகளுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கிறவன், சயான் சிக்னலில் தினமும் இவரிடம்தான் இட்லி தின்பான். ஏதோ பாக்கெட் இட்லி மாவுக் கம்பெனி விளம்பரம் எடுக்கிறதாம். புருஷன் வேஷத்துக்கு உண்மையான மதறாஸி முகம் வேண்டுமாம். "காகா, உங்க மீசைய போட்டோல பாத்தே மேடம் ஓகே சொல்லிட்டாங்க" என்று இந்தியில் சொன்னான். மீசை எவ்வளவு பெரிசோ பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பும் அவ்வளவு பெரிசாம்.

இட்லிக்காரன் போய் பாக்கெட் மாவுக்கு விளம்பரம் பண்ணுவதா? வெயிலுமுத்து முடியாது என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை ஒரு தமாஷாகப் பார்வதியம்மாளிடம் சொன்னார்.

"ஏளா, கேட்டியா? உன் மாப்பிள்ளைய டிவில போடப்போறாங்களாம். அந்த உருப்படாத பயலுவ வருவானுவல்லா, பாலக் கொட்டிக்கிட்டு, அதே மாதிரி நானும் முழிக்கணுமாம்."

அவள் சிரித்தாள். பாதி வாயால்தான். ஆனால் சத்தம் வந்தது. ஆறேழு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவளுடைய குரல் கேட்டது. மெஹராஜ் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்ன, வெயிலுமுத்து அன்று மாலையே சாய்நாத்துக்கு போன் பண்ணிவிட்டார். என்ன தருவார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

செம்பூர் பக்கம் ஒரு பழைய கோடவுனுக்குள் சமையலறை கட்டியிருந்தார்கள். மூன்று சுவர்தான் இருந்தது, நாலாவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் முப்பது பேர் நின்றார்கள். கதை சின்னது. மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள். புருஷன் ஏப்ரன் கட்டிக்கொண்டு இட்லி ஊற்றப் பார்க்கிறான். மாவு அடுப்பில், தரையில், மூக்கில். மனைவி பெட்டியோடு கதவைத் திறக்கிறாள், நெற்றியில் கை வைக்கிறாள், பாக்கெட்டைப் பிரிக்கிறாள். "சமையலறையை அவரிடம் விட்டால் இதுதான் கதி!" என்று ஒரு குரல் வரும்.

முதல் டேக்கில் வெயிலுமுத்து கரண்டியை எடுத்தார், ஊற்றினார். பத்துக் குழி, பத்துப் பூர்ண சந்திரன். ஒரு சொட்டு வெளியே இல்லை. கேமராக்காரர் தன்னை மறந்து வாஹ் என்றார்.

டைரக்டர் சின்னப் பெண். தலையில் பென்சிலைச் செருகியிருந்தாள். "அங்கிள், உங்களுக்கு இட்லி ஊத்தத் தெரியாது. தெரியவே தெரியாது. சரியா?" என்றாள் இந்தியில்.

"தெரியாதவன் எதுக்கு மேடம் கரண்டியத் தொடுதான்?" என்று இவரும் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தமாஷுக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது டேக்கில் வேண்டுமென்றே கீழே ஊற்றினார். கோபத்தில் வீசியடித்த மாதிரி இருந்தது. மூன்றாவதில் கரண்டியையே போட்டார். சரியில்லை. கொட்டுவது வேறு, சிந்துவது வேறு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, அதை அவருக்கு விளக்கத்தான் தெரியவில்லை. ஏழாவது டேக் முடிந்தபோது மணி மூன்று. மெஹராஜிடம் நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பார்வதியம்மாளை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டிய நேரம் அது.

அப்போதுதான் அந்தக் கை அவருக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம். அவர் மோரியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், பார்வதியம்மாள் இடது கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து மாவுப் பானைக்கு வந்திருந்தாள். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக இடது கையால் மடக்கிக் கரண்டியைப் பிடிக்கவைத்திருந்தாள். கை மேலே எழும்பியது. மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கிக்கொண்டது, முழங்கை அதன் இஷ்டத்துக்குத் தோளுக்கு ஏறியது, நாக்கு நுனி பல்லுக்கு வெளியே வந்தது. கரண்டி நடுங்கிக்கொண்டே தட்டின் மேலாகப் போய், தட்டைத் தாண்டி, மாவெல்லாம் அவள் மடியில் விழுந்தது. அவள் மடியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "மாவு தண்ணியாப் போச்சு, அதான்" என்று சொல்லி அவர் மடியைத் துடைத்துவிட்டார். அதன்பிறகு அவள் பானைப் பக்கம் வரவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை.

எட்டாவது டேக்கில் வெயிலுமுத்து மணிக்கட்டை மடக்கினார். முழங்கையைத் தோளுக்கு ஏற்றினார். நாக்கு தானாக வெளியே வந்தது. கரண்டி தட்டைத் தாண்டிப் போய் நடுங்கியது, மாவு சிந்தியது. அவர் கீழே பார்த்தார், பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார்.

கோடவுனே சிரித்தது. மனைவியாக நடித்தவள் வசனத்தை மறந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பென்சில்காரப் பெண் ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். சாய்நாத் தூரத்திலிருந்து விசில் அடித்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், வெயிலுமுத்துவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் முப்பது பேர் கை தட்டினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நாலேகால் மணிக்கு வீட்டுக்கு வந்துசேர்ந்தபோதும் அந்தச் சந்தோஷம் இருந்தது. "டிவில வரட்டும், பாரு. நீ விழுந்து விழுந்து சிரிப்ப" என்று அவளிடம் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கணேசபாண்டியன் வந்தான், அவன் மனைவி மாரிசெல்வியும் கூட வந்தாள். முறுக்கு, புதுச்சேலை, அக்காவுக்கு மருந்து டப்பா. மெஹராஜும் வந்து உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் விளம்பரம் வரும் என்று சாய்நாத் போன் பண்ணியிருந்தான். வாசலில் சந்துப் பிள்ளைகள் ஏழெட்டு. பார்வதியம்மாளுக்குப் புதுச்சேலை கட்டி, பூ வைத்து, டிவிக்கு நேராகத் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தார் வெயிலுமுத்து. காலையில்தான் மாவு உருண்டையில் இரண்டு விரலும் பதிந்திருந்தன. அந்த உருண்டையை மச்சினனுக்குக் காட்டவென்று ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்.

சீரியல் நின்றது. திரை முழுக்க அவர் மீசை. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பார்வதியம்மாள் சிரித்தாள், சத்தத்தோடு சிரித்தாள். அவர் டிவியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகையால் அடுத்து நடந்ததை முழுதாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சுற்றிலும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது அவள் சிரிப்பு நின்றது. கண் டிவியிலிருந்து இறங்கித் தன் மடிக்கு வந்தது. அங்கே கிடந்த வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, முந்தானைக்குள் கொண்டுபோய் வைத்து மூடினாள். முந்தானை விலகியதும் மறுபடி இழுத்து மூடினாள்.

அந்த நொடியில்தான் வெயிலுமுத்துவுக்குத் தான் செய்த காரியம் புரிந்தது.

"அத்தான், டிவிலயே சொல்லிட்டான் பாத்தியளா!" கணேசபாண்டியன் கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டான். "ஆம்பளைகிட்ட அடுப்பக் குடுத்தா இதான் கதின்னு. ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இனிமே மறைக்க முடியாது."

"சும்மா இருங்க" என்றாள் மாரிசெல்வி, சிரித்துக்கொண்டே. "அண்ணன் எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காவ. அந்தக் கையப் பாத்தியளா, ஐயோ!"

கணேசபாண்டியன் சிரிப்பை விட்டான். அக்கா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். "அக்கா, வெளாட்டு போதும். அத்தான் பாவம், எளச்சுப் போயிட்டாரு. கடைசியாக் கேக்கேன். தாணேக்கு எங்கூட வாரியா?"

பார்வதியம்மாள் வெயிலுமுத்துவைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டினாள்.

கணேசபாண்டியனே அதை எதிர்பார்க்கவில்லை. "நெசமாவா அக்கா?" என்று இரண்டாம் தரம் கேட்டான். இரண்டாம் தரமும் ஆட்டினாள்.

அவர் என்ன சொல்லுவார்? இது அவள் மனசில் உள்ளது இல்லை என்று கத்தலாம். ஏன் என்று கேட்பார்கள். நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, அந்தக் கை இவளுடைய கை என்று சொல்லவேண்டும். மெஹராஜ் முன்னால், மாரிசெல்வி முன்னால், வாசலில் நிற்கும் அத்தனை பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லவேண்டும். அவள் இப்போதுதான் மூடிவைத்தாள், அதை இவர் மறுபடியும் எடுத்து வெளியே போடவேண்டும். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார். அவள் சொன்னால் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னவரும் அவர்தானே. மாவு உருண்டை ஈரத்துணிக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் காலை கார் வந்தது. அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டுக் குளிப்பாட்டினார், தலை பின்னினார். பின்னல் நேராகத்தான் வந்தது. மாரிசெல்வியிடம் எல்லாம் சொன்னார். இடது கடைவாயில்தான் ஊட்ட வேண்டும், தண்ணீரை ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும், மத்தியானம் கண்டிப்பாக மாவு உருண்டை. அவள் தலையசைத்துக்கொண்டே, "நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணன், இதெல்லாம் எங்களுக்குச் சொல்லணுமா?" என்றாள். அவர்கள் துணிமணி எடுத்துவைக்கும்போது பார்வதியம்மாள் அருகில் குனிந்தார்.

"ஏளா, நான் வேணும்னு செய்யல. நாலு மணிக்கு உன்கிட்ட வரணுமேன்னு செஞ்சேன். வேற ஒண்ணும் தோணல எனக்கு."

அவளுக்குக் கேட்டது. இடது கையை நீட்டி அவருடைய மீசையை ஒரு தடவை தடவினாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

விளம்பரம் நன்றாக ஓடியது. சந்துப் பிள்ளைகள் அவரைக் கண்டால் முழங்கையைத் தூக்கி, நாக்கை நீட்டி, இல்லாத மாவைச் சிந்தினார்கள். அதட்டிப் பார்த்தார், இன்னும் ஜோராகச் செய்தார்கள். மாட்டுங்காவில் இருபது வருஷ வாடிக்கைக்காரர் பத்ரி, ஆபீஸுக்குப் போகிற அவசரத்திலும் நின்று சொன்னார்.

"பிரமாதம் போங்கோ! ஆத்துல எல்லாரும் ஒங்களைப் பத்தித்தான் பேசிண்டிருக்கோம். அது சரி, அந்தக் கைய எங்கேந்து பிடிச்சேள்?"

வெயிலுமுத்து நாலு இட்லிக்கு ஆறு இட்லியாக வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு தூக்கில் இட்லி எடுத்துக்கொண்டு தாணேக்குப் போனார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுத்தமான படுக்கை, ஜன்னல், மாற்றி மாற்றிக் கவனிக்க மூன்று பெண்கள். பார்வதியம்மாள் கன்னம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது. டிவி ஹாலில் இருந்தது, அவள் அறையில் இல்லை. ஹாலுக்குக் கூப்பிட்டால் மதினி கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று மாரிசெல்வி சொன்னாள்.

"மாவு உருண்டை?" என்று கேட்டார்.

"வச்சுப் பாத்தோம் அண்ணன். மதினி கையை வெளிய எடுக்கவே மாட்டேங்காவ. எப்பவும் சேலைக்குள்ளதான். குளிக்கும்போது மட்டுந்தான் நாங்களே பாக்கோம். விரலு திரும்பவும் வெறச்சுப் போச்சு."

அவள் காப்பி போடப் போனதும் வெயிலுமுத்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தாராவியிலிருந்து பிசைந்து கொண்டுவந்த உருண்டையை எடுத்தார். சயானிலிருந்து நின்றுகொண்டே வந்த ரயிலில் அது சட்டைப்பையில் கொஞ்சம் நசுங்கியிருந்தது, மறுபடி உருட்டினார். முந்தானைக்கு முன்னால் தன் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"பார்வதி, கையைக் குடு. இங்க யாரும் இல்ல. நான்தான் இருக்கேன்."

பார்வதியம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் கையை எடுக்கவில்லை. கண் திறப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தார். ஹாலில் சீரியல் நின்று விளம்பரம் தொடங்கியது, மருமகள்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.